லெட்ஜர் நானோ எஸ் பிளஸ்: கருவி பத்திரம், தட்டு கோயிலில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் கிரிப்டோ என்று வாயெடுத்தாலே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். மாதம் 10 சதவீதம் வரை என்று ஆசை காட்டிய மிரர் ட்ரேடிங் இன்டர்நேஷனல் என்ற பிட்காயின் திட்டம் 2020 கடைசியில் சரிந்ததை இந்த நாட்டில் யாரும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு அங்கிளிடம் ஸ்டேக்கிங் (கையிலிருக்கும் கிரிப்டோவை அதன் நெட்வொர்க்குக்குத் துணையாக நிறுத்திப் பலன் பெறுவது) பற்றிச் சொன்னதும் "எத்தனை பர்சென்ட், தம்பி?" என்றுதான் கேட்டார். அவர் பேச்சில் 'தம்பி' மட்டும் தமிழ், மற்றதெல்லாம் ஆங்கிலம். வருஷத்துக்கு இரண்டரை வாக்கில் என்றேன். அதற்கு பேங்கிலேயே போடலாமே என்று சிரித்தார். நியாயம்தான். ஆனால் என்னுடைய 3,000 ஏடிஏ (கார்டானோ நெட்வொர்க்கின் நாணயம்) நாலு வருஷமாக ஒரு எக்ஸ்சேஞ்சில் சும்மா கிடந்தது. விற்கும் எண்ணம் இல்லை. கிடப்பது என் கையில் கிடக்கட்டும் என்று, கிரிப்டோவின் சாவியை இணையத்துக்கு வெளியே பூட்டி வைக்கும் இந்தக் கருவியை வாங்கினேன்.

கூரியரோடு சேர்த்து 2,000 ரேண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய சாமான் விற்கும் தளம் ஒன்றில் பாதி விலைக்கும் ஒன்று இருந்தது. "24 சொல்லும் நானே எழுதி வைத்திருக்கிறேன், உடனே பயன்படுத்தலாம்" என்று விற்பவர் பெருமையாகப் போட்டிருந்தார். அந்த 24 சொற்கள்தான் சாவியே. அவை யாரிடம் இருக்கிறதோ பணம் அவருடையது. பூட்டு விற்பவன் மறுசாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு விற்பது போலத்தான் இது. புதிதாகவே வாங்கினேன், அதையும் அலுவலக முகவரிக்கு வரவழைத்தேன். 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தபோது 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் வீட்டு முகவரிகளும் வெளியே போயின.

கருவி பென் டிரைவ் அளவுதான். பேட்டரி இல்லை, புளூடூத் இல்லை, ஒரு சின்னத் திரையும் இரண்டு பட்டன்களும்தான். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் 'ஆம்'. 4 முதல் 8 இலக்கம் வரை பின் (ரகசிய எண்) வைக்கலாம். மூன்று தரம் தப்பாகப் போட்டால் எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும். பிறகு 24 ஆங்கிலச் சொற்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டும். பெட்டியிலேயே வரும் அட்டையில் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது, கம்ப்யூட்டரில் தட்டக் கூடாது.

இங்கேதான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். திருடன் வந்தாலும் படிக்க முடியாதபடி எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதினேன். பணம் போடுமுன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று படித்திருந்ததால், வேண்டுமென்றே மூன்று தரம் தப்பான பின் போட்டு அழித்துவிட்டு, அட்டையைப் பார்த்துத் திரும்ப ஏற்றினேன். இரண்டு பட்டனால் எழுத்தெழுத்தாக நகர்த்த அரை மணி நேரம் ஆனது. கடைசியில் சொற்கள் தவறு என்றது. 17ஆவது சொல் 'பாஸ்'. கடந்து போகிற பாஸா, மேலாளர் பாஸா? இந்தச் சொற்கள் வரும் 2,048 சொல் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். மறுபடி அரை மணி நேரம். மேலாளர்தான்.

(என் சொல்லை இப்படிப் பொதுவில் சொல்லலாமா என்று பதற வேண்டாம். அந்தச் சாவி இப்போது செல்லாது. ஏன் என்று வருகிறேன்.)

2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அட்டையை நம்ப முடியாது. உலோகத்தில் பொறிக்க வேண்டும். கும்பகோணத்தில் என்றால் எவர்சில்வர் வாங்கும் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். ஆனால் இதை யாரிடம் கொடுத்து வெட்டச் சொல்வது? கல்யாணச் சீரில் வந்த தட்டு ஒன்றின் அடியில், மாமியார் பெயருக்குக் கீழே, சென்டர் பஞ்சும் சுத்தியலுமாக நானே புள்ளி புள்ளியாக இறக்கினேன். இந்த முறை ஆங்கில எழுத்தில். ஒரு சொல்லுக்கு முதல் நாலு எழுத்து போதும், பட்டியலே அப்படித்தான் அமைந்திருக்கிறது. முடித்ததும் தட்டைப் பரணில் வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

ஸ்டேக்கிங் அதற்குப் பிறகு சுலபம். லெட்ஜரை யோரோயி என்ற வாலட் செயலியோடு இணைத்து, ஒரு பூலை (பலரின் பங்கைச் சேர்த்து நெட்வொர்க்கை நடத்தும் குழு) தேர்ந்தெடுத்து, 2 ஏடிஏ டெபாசிட்டும் சில்லறைக் கட்டணமும் கட்டினால் சரி. கார்டானோவில் எனக்குப் பிடித்தது இது: காசு என் முகவரியைவிட்டு நகராது, பூட்டும் கிடையாது, அதன் எடை மட்டும் பூலுக்குப் போகிறது. எத்தீரியத்தில் சொந்தமாக வேலிடேட்டர் (பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினி) ஓட்ட 32 ஈத்தர் வேண்டும், நம்மால் ஆகாது. முதல் பலன் வர 15 முதல் 20 நாள் ஆகும். அப்புறம் 5 நாளுக்கு ஒருமுறை எனக்கு ஏறக்குறைய 1 ஏடிஏ வருகிறது. வரித் துறையான சார்ஸுக்குக் கணக்குக் காட்ட ஒவ்வொன்றையும் அன்றைய ரேண்ட் மதிப்போடு குறித்து வைக்கிறேன்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ். இங்கே அதை 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். அலுவலகத்திலிருந்து வந்தபோது பரண் காலி. தேங்காய் பழம் வைத்து மனைவி எடுத்துப்போன தட்டு கூட்டத்தில் மாறிவிட்டதாம். "அம்மா பேர் போட்டிருக்கு, எங்க போகும்?" என்றாள். நாலு நாள் கழித்து, பளபளவென்று தேய்த்து, யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தூக்கம் வரவில்லை. புதுச் சொற்களை உருவாக்கி முகவரி எடுத்து, பழையதைத் திரும்ப ஏற்றினேன். ஸ்டேக்கிங்கைக் கழற்றுமுன் சேர்ந்த பலனை எடுக்கப் போனால் வாலட் மறுத்தது. 2025 ஜனவரியில் கார்டானோவில் வந்த பிளோமின் என்ற மாற்றத்துக்குப் பிறகு, வாக்குரிமையை ஒரு பிரதிநிதிக்கு ஒப்படைத்தால்தான் எடுக்க முடியும். 'விலகி நிற்கிறேன்' என்பதையும் தேர்ந்தெடுக்கலாம், அதைத்தான் அமுக்கிப் பலனை எடுத்து, ஸ்டேக்கிங்கைக் கழற்றி டெபாசிட்டை மீட்டேன். பிறகு 103 எழுத்துப் புது முகவரியை அந்தச் சின்னத் திரையில் நகர்த்தி நகர்த்தி ஒப்பிட்டு, எல்லா ஏடிஏவையும் அதற்கு அனுப்பினேன். கண் வலித்தது, ஆனால் இந்த ஒப்பீட்டுக்காகத்தான் இந்தக் கருவியே. கம்ப்யூட்டர் திரை பொய் சொல்லலாம், இது சொல்லாது.

சின்னத் தொகை என்றால் 2,000 ரேண்ட் கட்டாது. என் அளவுக்கே கணக்குப் பார்த்தால் கருவியின் விலை திரும்ப நாளாகும். வருஷக்கணக்கில் விற்காமல் வைப்பவர் தாராளமாக வாங்கலாம்.

புதுச் சொற்கள் எதில் இருக்கின்றன என்று மனைவிக்கு மட்டும் தெரியும். பழைய தட்டு முறுக்குக்குப் போய்விட்டது. போன வாரம் அங்கிள் முறுக்கைத் தின்று முடித்துத் தட்டைத் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, மந்திரமா?" என்றார்.