‘ஆயுசுக்கும் விபிஎன்’: 4,700 ரூபாய் போச்சு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் படிக்கவும்

4,700 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விபிஎன் என்று, நெட்டில் போகிறதை மூடி வேறு வழியாக அனுப்புகிற ஓர் ஆப்புக்காக மொபைல் கடைப் பையன் ஒருவனிடம் கொடுத்தது. இன்று சாயங்காலம் கடையில் நின்ற நாலு பேர் முன்னால் அந்தப் பையன், “என்ன அண்ணாச்சி, ஒரு நாலாயிரத்துக்குப் போயி இவ்வளவு சத்தம் போடுதீங்க” என்று கேட்டுவிட்டான். நாலாயிரம் இல்லை, நாலாயிரத்து எழுநூறு. என் மனைவி பீடி சுற்றிச் சேர்த்த பணம். அது எத்தனை ஆயிரம் பீடி என்று அவள் கணக்குப் போட்டும் சொல்லிவிட்டாள். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், செகண்ட் ஹேண்ட் போன், ஆதார் பிரிண்ட் எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற வகைக் கடை. அப்படி எத்தனை கடை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஊர்ப்பேரை வைத்து அல்வா ஜோக்கை யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். வீட்டிலேயே வேண்டிய மட்டும் கேட்டாகிவிட்டது.

மகள் தலைப்பிரசவத்துக்கு முக்கூடலில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மருமகன் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், போட்டோ அனுப்பலாம், பேசிப் பதிந்து அனுப்பலாம். கால் மட்டும் போகாது, வீடியோ காலும் போகாது. அமீரகத்தில் அதை அடைத்து வைத்திருக்கிறார்கள். வளைகாப்பு வந்தது. மருமகன் அதை நேரில்தான் பார்க்க முடியாது, போனிலாவது பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை. “எப்பா, அதுக்கு வேற ஆப்பு இருக்குன்னு அவுக சொன்னாக” என்று மகள் சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை. புது ஆப்பு என்றால் காசு கேட்பான் என்று ஒரு நினைப்பு.

அந்தக் கடைக்கு நான் போனது போனுக்கு பேட்டரி மாற்ற. பேட்டரி போடுகிற நேரத்தில் பேச்சுவாக்கில் ஷார்ஜா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பையன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். “அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” முக்கூடல் என்றேன். “முக்கூடலா! எங்க அத்தைய அங்கதான கட்டிக் கொடுத்திருக்கு.” எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே வண்டவாளம் தெரிந்திருக்கும். அதற்குள் டீ வந்துவிட்டது, பெஞ்சில் தூசி தட்டி உட்காரச் சொல்லிவிட்டான். அத்தை ஊர்க்காரனிடம் போய் என்னத்தைச் சந்தேகப்படுவது?

அப்புறம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். விபிஎன் போட்டால் துபாய், ஷார்ஜா, எங்கே வேண்டுமானாலும் வாட்ஸ்அப் வீடியோ கால் போகும். ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் பணம் அனுப்பினால் எவனும் திருட முடியாது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் நம் ஊர் சீரியலை அங்கேயே பார்க்கலாம். தடை செய்த ஆப்பெல்லாம் திறக்கும். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கம்பெனிக்கும் தெரியாது, கவர்மென்ட்டுக்கும் தெரியாது. “ஐடில வேலை பாக்குறவன் எல்லாம் இதான் வச்சிருக்கான் அண்ணாச்சி.” மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை, ஆயுசுக்கும் ஒரே தடவை, ஐந்து போனில் போட்டுக்கொள்ளலாம், 4,700 ரூபாய். ஆறாயிரம் சொல்லி, ஊர்க்காரர் என்று குறைத்தானாம்.

சோதித்துக் காட்டு என்றேன். அவ்வளவு விவரம் எனக்கு இருந்தது! என் போனில் போட்டு, மேலே சாவிப் படம் வந்ததைக் காட்டி, ஒரு வீடியோ கால் போட்டான். அடுத்த நொடி எடுத்தது. திரையில் இன்னொரு பையன் சிரித்துக்கொண்டு கை காட்டினான். நானும் கை காட்டினேன். அந்தப் பையன் எங்கே நின்றான் தெரியுமா? கடைக்கு எதிரே, டீ பாய்லர் பக்கத்தில். அவனுக்குப் பின்னால் பாய்லர் தெரிந்தது. தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. முக்கூடல்காரனும் ஜங்ஷன்காரனும் பேச எதற்கு விபிஎன்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என் முட்டாள்தனம். அந்த ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்து இறக்கவில்லை, அவன் போனிலிருந்து என் போனுக்கு அனுப்பினான். இது ஆபத்தானதாக இருக்கலாம் என்று போன் எச்சரித்தது. “அது எல்லாத்துக்கும் அப்படித்தான் காட்டும்” என்று அவனே அமுக்கினான். அப்புறம் இன்னொரு பெட்டி வந்தது: இந்த ஆப்பு உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பிக்கையான இடம் என்றால் மட்டும் சம்மதியுங்கள் என்று. இதை அமுக்கியது நான். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத்தான் அமுக்கினேன். நம்பிக்கையான இடம்தானே, அத்தையைக் கட்டிக் கொடுத்த ஊர்.

பில் கேட்டேன். “பில் போட்டா 18 பெர்சன்ட் ஜிஎஸ்டி சேரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?” மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் கோடு வேலை செய்யவில்லை என்று ஒரு நம்பர் சொன்னான். பணம் போடும்போது ஒரு பெண் பெயர் வந்தது. “எங்க மதினி அக்கவுண்டு.” 4,700 ரூபாய் அவன் மதினிக்குப் போனது.

வளைகாப்பு அன்று காலையில் மருமகன் வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனும் கையுமாக நின்றிருக்கிறார். நான் விபிஎன்னைப் போட்டேன், சாவிப் படம் வந்தது, காலைப் போட்டேன். இணைகிறது, இணைகிறது என்றே நின்றது. அங்கிருந்து அவர் போட்டாலும் அப்படியே. நாலைந்து தடவை. மகள் வளையல் போட்ட கையோடு என் முகத்தையே பார்க்கிறாள், சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் முடிந்தது, அவர் வேலைக்குப் போய்விட்டார். கடைசியில் போட்டோதான் அனுப்பினோம். போட்டோ அனுப்ப 4,700 ரூபாய் எதற்கு?

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். சர்வர் டவுன், சாயங்காலம் சரியாகிவிடும் என்றான். சாயங்காலம், ஆப்பை அப்டேட் பண்ணிப் பாருங்கள். அதற்கடுத்த நாள், உங்கள் சிம்மில் ஏதோ கோளாறு. அடுத்து, உங்கள் போன் பழைய போன், எங்களிடம் ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டான் பாருங்கள்! அதற்குள் ஆப்பே என்னை வெளியே தள்ளிவிட்டது. இந்தக் கணக்கை அளவுக்கு மீறிய கருவிகளில் பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. ஆக, எவனோ ஒருவன் கட்டிய ஒரே சந்தாவை எனக்கும் என்னைப் போல இன்னும் எத்தனையோ பேருக்கும் பங்கு போட்டிருக்கிறான். மூன்றாம் நாள் பாஸ்வேர்டும் தப்பு என்று காட்டியது.

நேரில் போனேன். பஸ் ஏறிப் போனேன். தம்பி வெளியூர் போயிருக்கான், செவ்வாய்க்கிழமை வாங்க என்றார்கள். செவ்வாய்க்கிழமை போனால் கடையில் வேறு ஆள். இன்று போனேன், பையனே இருந்தான். “நான் ஆப்பு போட்டுத்தான் குடுத்தேன், ஓடலைன்னா கம்பெனிக்காரனைக் கேளுங்க.” எந்தக் கம்பெனி? “அது வெளிநாட்டுக் கம்பெனி.” அத்தை வீடு முக்கூடலில் எந்தத் தெரு என்று இன்றைக்குத்தான் கேட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் அந்த நாலாயிரம் பேச்சு வந்தது.

திரும்பும் வழியில் பாளையங்கோட்டையில் இருக்கும் தங்கச்சி மகன் வீட்டுக்குப் போனேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். என் போனை வாங்கிப் பார்த்த முதல் வேலையாக அந்த ஆப்பை நீக்கினான். அப்புறம் அவன் சொன்ன முதல் வார்த்தையிலேயே எனக்குத் தலை சுற்றியது. “மாமா, பூட்டு இருக்கது ஷார்ஜாவுல. நீங்க முக்கூடல்ல சாவி வாங்கி என்ன செய்யப் போறீங்க?” அடைப்பு மருமகனுடைய நெட்டில் இருக்கிறது. என் போனில் என்ன விபிஎன் போட்டாலும் அது திறக்காது. அது ஒழுங்கான விபிஎன்னாக இருந்தாலும் இதே கதிதான். போட்டால் அவர் போனில் போட வேண்டும். அங்கே சட்டம் கடுமை. விபிஎன்னே குற்றம் என்று இல்லை, கம்பெனிகள், வங்கிகள் எல்லாம் வைத்திருக்கின்றன. ஆனால் அதை வைத்துத் தப்பான காரியம் செய்து மாட்டினால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 லட்சம் வரை போகும், சிறையும் உண்டு. நான் ஆசை ஆசையாக அந்தப் பாஸ்வேர்டை மருமகனுக்கும் அனுப்பி வைத்திருந்தேன். ஐந்து போனில் போடலாமே என்று. நல்லவேளை, அவர் போடவில்லை.

விபிஎன் என்றால் என்ன என்று அவன் விளக்கியது எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பாளையங்கால்வாய் மாதிரி திறந்து ஓடுகிற வாய்க்காலில் நம் வீட்டிலிருந்து ஒரு மடை வரைக்கும் மூடிய குழாய் போடுவது. வழியில் நிற்கிறவன் உள்ளே என்ன போகிறது என்று பார்க்க முடியாது. மடையைத் தாண்டினால் மறுபடி திறந்த வாய்க்கால்தான். போய்ச் சேருகிற இடத்துக்குத் தண்ணீர் மடையிலிருந்து வருவதாகத்தான் தெரியும், நம் வீடு தெரியாது. ஆனால் மடையில் நிற்கிறவன் எது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். அதனால் மடை யார் கையில் என்பதுதான் கேள்வி. என் மடையை ஸ்க்ரூ டிரைவர் பிடித்த பையன் கையில் கொடுத்திருந்தேன்.

கடைப் பையன் எண்ணின விரல்களை மடக்கி மடக்கித் தங்கச்சி மகனிடம் கேட்டேன். ஐடி ஆட்கள் வைத்திருப்பது உண்மை. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வீட்டிலிருந்தே நுழையத்தான் விபிஎன், அதைக் கம்பெனியே கொடுக்கும், அவனுக்குப் பைசா செலவில்லை. ஸ்டேஷன் வைஃபையில் விபிஎன் நல்லதுதான், ஆனால் வங்கி ஆப்பு ஏற்கெனவே தன் பங்குக்குப் பூட்டிக்கொண்டுதான் பேசும். விபிஎன் போட்டால் சில வங்கி ஆப்புகள் திறக்கவே மாட்டேன் என்கும். (எனக்கு அதுவும் நடந்தது, அதை சிம் கோளாறு என்று நினைத்திருந்தேன்.) சீரியல் விஷயத்தில், எந்த நாட்டில் எதைக் காட்டலாம் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதால் அந்தத் தளங்களே விபிஎன்னைக் கண்டுபிடித்து நிறுத்தும். தடை செய்த ஆப்பு என்றால், 2020 ஜூனில் டிக்டாக்கோடு சேர்த்து 59 ஆப்புகளை நம் அரசு தடை செய்தது ஞாபகம் இருக்கும். விபிஎன் போட்டால் தடை போய்விடாது. யாருக்கும் தெரியாது என்பது பெரும் புளுகு. 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி, இங்கே விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் சில வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவில் இருந்த சர்வரையே எடுத்துவிட்டன. பையன் சொன்னதில் முழுப் பொய் குறைவு. எல்லாமே பாதி உண்மை, அதனால்தான் நம்பினேன்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தாகிவிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915-லும் பேசினேன். பில் இருக்கிறதா என்றார்கள். இல்லை. பணம் போன விவரம் இருக்கிறது, அதில் கடைப் பெயர் இல்லை, மதினி பெயர்தான்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், மணி 11:30 ஆகிவிட்டது, கண்ணும் எரிகிறது. ஆயுள் சந்தா என்றாலே எழுந்து வந்துவிடுங்கள், சர்வர் ஓட்ட மாதாமாதம் செலவாகிறபோது ஆயுசுக்கும் ஓடும் என்பதை நம்ப முடியாது. பிளே ஸ்டோருக்கு வெளியே எந்த ஆப்பையும் ஏற்றாதீர்கள். பில் இல்லாமல், வேறு பெயருக்குப் பணம் போடாதீர்கள். சோதித்துக் காட்டினால், எதிர்முனையில் இருப்பவன் எந்த ஊரில் நிற்கிறான் என்று பாருங்கள். அவ்வளவுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது.

மகள் சொன்ன அந்த வேற ஆப்பின் பெயர் போட்டிம் (Botim). அமீரகத்தில் அனுமதி உள்ளது, அங்கே நிறையப் பேர் அதில்தான் வீட்டுக்குப் பேசுகிறார்கள். தங்கச்சி மகன்தான் ஏற்றிக் கொடுத்தான். இன்று ராத்திரி மருமகன் முகத்தைப் பார்த்தோம். காசு கேட்கவில்லை. மகள் வளையல் கையைக் காட்டினாள். “மாமா, முதல்லயே இதச் சொன்னேனே” என்றார் அவர். நான் நெட் சரியில்லை என்று போனை மனைவி கையில் கொடுத்துவிட்டேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மறுபடி கடைக்குப் போகிறேன், இந்த முறை தங்கச்சி மகனும் வருகிறான். 4,700 ரூபாய், ஒரு ரூபாய் குறையாமல்.