லிச், ரத்தக்காட்டேரி, ஹாப்காப்ளின் தளபதி: உங்கள் கம்பெயினுக்கு எந்த வில்லன்?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதையாட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் புதுக் கம்பெயின் (பல மாதம் தொடரும் ஒரே கதை) தொடங்கும் டிஎம், அதாவது கதையை நடத்தி எதிரிகளையும் ஆடுபவர், வில்லனுக்குப் பெயர் வைப்பார், கோட்டை வரைவார், முன்கதை எழுதுவார். அவன் எப்படிச் சண்டை போடுவான் என்ற யோசனை மட்டும் கடைசி வாரம் வரை தள்ளிப்போகும். அதன் பலனை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். எட்டு மாதம் ஊரையே நடுங்க வைத்த ஒரு மந்திரவாதி மூன்றே ரவுண்டில் விழுந்துவிட்டான். எல்லோருக்கும் ஒரு முறை வந்து முடியும் ஒரு ரவுண்டு, கதையில் 6 நொடி. மொத்தம் 18 நொடி. எதிரே நாலு பேர், அவன் ஒற்றை ஆள். அவனுக்கு ஒரு முறை வருவதற்குள் அவர்களுக்கு நாலு முறை வந்துவிடுகிறது.

அதிலிருந்து வில்லனையும் அவன் போர்முறையையும் சேர்த்தேதான் தேர்ந்தெடுக்கிறேன். மேஜைகளில் அடிக்கடி வரும் மூன்று பேரை இங்கே ஒப்பிடுகிறேன். எண்கள் எல்லாம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி. என் அளவுகோல் ஒன்றுதான்: அவன் போடும் திட்டம் ஆட்டக்காரர்கள் கண்ணில் படுமா? படாவிட்டால் அது எவ்வளவு நல்ல தந்திரமாக இருந்தாலும் டிஎம் தன் இஷ்டத்துக்குச் செய்வதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

பலத்தை மட்டும் பார்த்தால், செத்தும் சாகாத மந்திரவாதியான லிச்சுக்குப் பக்கத்தில் மற்ற இருவரும் நிற்க முடியாது. 18ஆம் நிலை மந்திரவாதி. உயிரின் அளவான ஹிட் பாயின்ட் 100 அல்லது அதற்குக் குறைவாக உள்ள ஒருவரை ஒரே சொல்லில் கொல்வான். தப்பிக்கப் பகடை உருட்டக்கூட வழியில்லை. உயிரைத் தனியே ஒரு பேழையில் ஒளித்து வைத்திருப்பான். ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதியின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். உடலை அழித்தாலும் பத்து நாளுக்குள் அந்தப் பேழைக்குப் பக்கத்திலேயே புது உடலோடு எழுந்துவிடுவான்.

சிக்கல் என்னவென்றால், அவனுடைய சிறந்த தந்திரங்கள் எல்லாம் தொலைவில் நடப்பவை. தொலைவில் இருப்பவரைப் பார்க்கவும் கேட்கவும் வைக்கும் ஸ்க்ரையிங் மந்திரத்தால் இரவில் ஒட்டுக்கேட்டுவிட்டு, காலையில் சரியான இடத்தில் பொறி வைப்பான். விதிப்படி தப்பே இல்லை. ஆனால் மேஜையில், “நாங்க பேசினது அவனுக்கு எப்படித் தெரியும்?” என்ற கோபம் கிளம்பும். இதற்கு மருந்து விதியிலேயே இருக்கிறது. பார்க்கப்படுபவரின் தலைமுடி கையில் இருந்தால், அவர் அந்த மந்திரத்திலிருந்து தப்ப உருட்டும் பகடையில் 10 குறையும். ஆகவே இரண்டு வாரம் முன்னாலேயே சத்திரத்தில் ஒருவருடைய சீப்பு காணாமல் போகட்டும். உளவு மந்திரம் வேலை செய்யும் இடத்தில், மறைந்திருப்பதைக் காணும் சக்தி உள்ளவர் கண்ணுக்கு முஷ்டி அளவில் ஒரு ஒளி உருண்டை தெரியும். அதையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். இந்த முன்வேலைக்கெல்லாம் நேரம் இல்லாத டிஎம் லிச்சைத் தொட வேண்டாம் என்பேன்.

ரத்தக்காட்டேரி நேரில் வருபவன். அதுதான் அவனுடைய பெரிய பலம். அழைக்காமல் ஒரு குடியிருப்புக்குள் நுழைய முடியாது என்ற விதியை எல்லோரும் அவனுடைய பலவீனமாகப் படிக்கிறார்கள். என் மேஜையில் வேறு மாதிரி நடந்தது. மழை இரவு, மாவு மில்காரர் வீட்டில் குழு தங்கியிருக்கிறது. கதவு தட்டும் சத்தம். நனைந்த பயணி ஒருவர் தலைகுனிந்து நின்று, “உள்ளே வரலாமா?” என்றார். பூசாரிப் பாத்திரம் ஆடிய தோழி கொஞ்சமும் யோசிக்காமல், “வாங்க, வாங்க” என்றாள். வாசலில் வந்தவரை வாங்க என்று சொல்லியே பழகிய வாய். மேஜை சட்டென்று அடங்கிப் போனது. அவன் உட்கார்ந்தான், நாலு வார்த்தை மரியாதையாகப் பேசினான், போய்விட்டான். ஒரு வாள்கூட உருவப்படவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கதவு தட்டப்பட்டாலும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் இவனுக்கு ஓர் எல்லை உண்டு. ஹிட் பாயின்ட் தீர்ந்ததும் பனிமூட்டமாகி நழுவுவான். 2 மணி நேரத்துக்குள் தன் சவப்பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் தடவை இது சிலிர்ப்பு, மூன்றாவது தடவை சலிப்பு. வெயிலிலும் ஓடும் நீரிலும் பனிமூட்டமாக மாற முடியாது என்பதை எங்காவது அவர்கள் தெரிந்துகொள்ள வையுங்கள். அப்புறம் ஆற்றங்கரைக்கு அவனை எப்படி இழுப்பது என்று அவர்களே திட்டம் போடுவார்கள். பேச்சும் நடிப்பும் பிடித்த குழுவுக்கு இவனை மிஞ்ச ஆளில்லை.

இருந்தாலும் முதல் கம்பெயின் நடத்துபவர் என்னைக் கேட்டால், படையாகச் சேர்ந்து சண்டை போடும் ஹாப்காப்ளின் இனத்துத் தளபதி என்றுதான் சொல்வேன். 97 ஹிட் பாயின்ட், மந்திரம் கிடையாது, செத்தால் செத்ததுதான். அவன் படைவீரனுக்கு வெறும் 11. ஆனால் அந்த வீரன் தாக்கும் ஆளுக்கு 5 அடிக்குள் இன்னொரு ஹாப்காப்ளின் நின்றால், முறைக்கு ஒரு தடவை இரண்டு ஆறுமுகப் பகடை அளவு கூடுதல் சேதம். வில்லுக்கும் இது பொருந்தும். ஆக, முன்வரிசை கேடயத்தோடு ஒட்டி நின்று குழுவைப் பிடித்துவைக்கும், 150 அடி பின்னாலிருந்து அம்பு வரும். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் 20 அடி ஆரத்துக்குப் பரவும் என்பதால் வில்லாளிகளை 50 அடிக்கு ஒருவராக நிறுத்தினால் ஒரு நெருப்பில் ஒருவன்தான் போவான். இது அத்தனையும் மேஜை வரைபடத்தில் கண்முன் தெரிகிறது. தளபதி கத்தும் கட்டளையைக் கேட்டுப் புரிந்துகொண்டால்தான் 30 அடிக்குள் இருக்கும் வீரர்கள் உருட்டும் பகடையோடு ஒரு நாலுமுகப் பகடையும் கூடும். இதைக் கவனித்த ஒரு ஆட்டக்காரர் அவன் நின்ற இடத்தில் சத்தத்தையே அடக்கும் சைலன்ஸ் மந்திரம் போட்டார். படை தடுமாறியது. வில்லனின் மூளையை ஆட்டக்காரரின் மூளை வென்ற இடம் அது. சின்ன எதிரிகளும் யோசித்தால் பெரிய குழுவை விரட்டலாம் என்பது புதுசும் இல்லை. 1987இல் ‘டிராகன்’ இதழில் ரோஜர் மூர் எழுதிய டக்கரின் கோபோல்டுகள் என்ற குட்டி எதிரிகள் பற்றிய தலையங்கம் அதைத்தான் பேசியது.

இவனிடம் எனக்கு மிகவும் பிடித்தது, தெரிந்துகொள்ள இவன் ஆட்களை நம்பியே இருப்பது. படையில் மூன்றில் ஒரு பங்கு விழுந்ததும் பின்வாங்கச் சொல்வான். தப்பி ஓடியவர்கள் சொன்னதை மட்டும் நான் ஒரு அட்டையில் எழுதி வைப்பேன். அடுத்த சண்டையில் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குழுவுக்கு இது புரிந்த நாளில் ஆட்டமே மாறியது. ஒரு கைதியின் காதில் விழும்படி, வடகரை வழியாகப் போவதாகப் பேசிவிட்டு, அவன் கட்டைத் தளர்த்தி விட்டார்கள். அட்டையில் “வடகரை” என்று எழுதினேன். மறுநாள் தளபதி வில்லாளிகள் அத்தனை பேரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். குழுவினரோ தென்கரையில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள்.