பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் காற்றடைக்கும் போட் வாங்காதீர்கள்

மழைக்காலத்துக்கு முன் வீட்டில் ஒரு போட் வாங்கி வைக்கலாம் என்று நினைக்கும் சென்னை வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மக்களுக்காக இதை எழுதுகிறேன்.

2015 டிசம்பரில் எங்கள் தெருவில் மார்பளவு தண்ணீர். மீனவர்கள் படகோடு வந்துதான் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப் போனார்கள். அடுத்த முறை யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று 2023 அக்டோபரில் கடைக்குப் போனேன். இரண்டு அளவு இருந்தது. சின்னது 185 செ.மீ. நீளம், 94 அகலம், தாங்கும் எடை 95 கிலோ. பெரியது 236-க்கு 114, 200 கிலோ. அப்பா 68 கிலோ, அம்மா 60. கணக்குப் போட்டுப் பார்த்துப் பெரியதற்கே பணம் கட்டினேன். குடோனிலிருந்து டேப் ஒட்டிய பெட்டி வந்தது.

"பிரிச்சுக் காட்டுங்க தம்பி" என்றேன்.

"பிரிச்சா திரும்ப மடிக்க வராது சார். காத்தடிச்சு வெச்சிருக்கோம் பாருங்க, அதே பீஸ்தான்."

பெட்டியில் அளவு அச்சிட்டிருந்த இடத்தை மறைத்து, கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நம்பிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. விடியற்காலை வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. மாடிப்படியில் வைத்துக் கால் பம்பால் அடித்து முடித்தபோதே மனசு துணுக்கென்றது. அப்பாவை உட்கார வைத்து அம்மாவையும் ஏற்றியதும் பக்கவாட்டுக் குழாய் அமுங்கி, தண்ணீர் உள்ளே வந்தது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அப்பாவை மட்டும் வைத்து இடுப்பளவு தண்ணீரில் இழுத்துப் போய் விட்டுவிட்டு, அம்மாவுக்காகத் திரும்ப வந்தேன். அந்த நேரம் முழுக்க அவர் இருட்டில் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னால் இன்னும் அதை மறக்க முடியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டிக்கரைச் சுரண்டினேன். 185, 94, 95 கிலோ.

கடைக்காரர், "பில்லில் அளவே இல்லையே சார்" என்றார். உண்மைதான். "ரப்பர் போட் - 1" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பிரித்த சரக்கை எடுக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பெரிய போட்டின் விலையை நான் யுபிஐ-யில் கட்டியதற்கு ஆதாரம் இருந்ததால், மூன்று மாதம் இழுத்தடித்து விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்தார்கள்.

வாங்கப் போகிறவர்கள் "ரெண்டு பேர் போட்", "மூணு பேர் போட்" என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். கிலோவைப் பாருங்கள். அந்தக் கிலோவில் துணிப்பை, மருந்து, தண்ணீர் கேன் எல்லாம் அடக்கம். பெட்டியில் போடும் நீளமும் அகலமும் வெளி அளவு. குழாய்களின் தடிமன் போகத்தான் உள்ளே இடம். என்னுடையதில் உட்காரும் அகலம் 45 செ.மீ.கூட இல்லை. இரண்டு அளவுக்கு நடுவில் தயங்கினால் பெரியதையே எடுங்கள். காற்றறை ஒன்றுக்கு மேல் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று கிழிந்தாலும் மற்றது மிதக்கும். நம் தெருக்களில் தண்ணீருக்கடியில் கேட் ஈட்டியும் முள்கம்பியும் இருக்கும், மெல்லிய பிவிசி தாங்காது. இந்தச் சின்ன போட்டெல்லாம் தேங்கி நிற்கும் தண்ணீருக்குத்தான். அடையாற்றங்கரையில் இருப்பவர்கள் இதை நம்பி இழுப்பில் இறங்கவே கூடாது.

வாங்கிய அன்றே காற்றடித்து ஓர் இரவு வையுங்கள். புது பிவிசி முதல் தடவை கொஞ்சம் விரியும், காலையில் தளர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். மறுபடி அடியுங்கள். இரண்டாம் நாளும் தொய்ந்தால் ஓட்டை இருக்கிறது, உடனே கடைக்குக் கொண்டுபோங்கள். நான் இதைச் செய்திருந்தால் அக்டோபரிலேயே தெரிந்திருக்கும்.

போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். டேப் வைத்து அளந்து, பில்லில் நீளம், அகலம், கிலோ மூன்றையும் எழுத வைத்த பிறகுதான் அவரைப் பணம் கட்ட விட்டேன்.