சில்லறையா, பத்து ரூபாய் நோட்டா, ஜிபேயா?

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் காசு புழங்கச் சொல்லித்தருவதில் காலங்காலமாக நடப்பது நாணயப் பாடம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று அடையாளம் காட்டி, கூட்டி, சரியான தொகையை எடுத்து வைக்கப் பழக்குவார்கள். கூட்டல் வரும் பிள்ளைக்குச் சரி. வராத பிள்ளையை இதிலேயே வருடக்கணக்கில் உட்காரவைப்பது அநியாயம். ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் நமக்கே குழம்புகிறது. பொம்மை நோட்டில் பழகியதோ, பல பிள்ளைகளுக்குக் கடையில் கைகொடுப்பதில்லை.

என் ஓட்டு ‘இன்னும் ஒன்று’ முறைக்குத்தான். பையில் பத்து ரூபாய் நோட்டு மட்டும் இருக்கும். பால் பாக்கெட் 22 ரூபாயா? விலையில் முன்னால் இருக்கும் இலக்கம் 2. இரண்டு நோட்டு வைத்து, ‘இன்னும் ஒன்று’ என்று மூன்றாவதையும் வைக்க வேண்டும். 47 என்றால் நாலு, இன்னும் ஒன்று. விலை சரியாக 40 ஆக இருந்து பிள்ளை ஐந்து நோட்டு நீட்டினாலும் மோசமில்லை, ஒன்று திரும்பி வரும். நூறு ரூபாய்க்குள் வாங்க, பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் கடைக்காரர் ‘இருபத்திரண்டு’ என்று வாயால் சொன்னால் பல பிள்ளைகளுக்கு அந்த 2 பிடிபடாது; கால்குலேட்டரில் காட்டச் சொல்லிக் கேட்கவும் பழக்க வேண்டும். இன்னொரு குறை, மிச்சம் சரியா என்று பிள்ளையால் பார்க்க முடியாது. பில் தரும் கடையாகப் பார்த்து, பில்லையும் மிச்சத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வரச்சொல்லுங்கள்.

அப்புறம் ஜிபே. மிச்சம் வாங்கும் தொல்லையே இல்லை. கடையில் இருக்கும் பெட்டி தொகையைச் சத்தமாகவும் சொல்லிவிடும். ஆனால் 22 என்பது ஒரு பூஜ்யம் கூடி 220 ஆகிவிடலாம். யாராவது அன்பாகக் கேட்டால் பின் நம்பரையும் சொல்லிவிடக்கூடும். இதற்காகவே 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிளைப் பார்க்கச் சொல்கிறேன். பெற்றோர் கணக்கில் பிள்ளையைச் சேர்க்கலாம், பிள்ளைக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டாம். மாத வரம்பு வைத்துச் செலவழிக்க விடலாம். அல்லது ஒவ்வொரு தொகைக்கும் பெற்றோர் தங்கள் போனில் ஒப்புதல் தரலாம். ஆரம்பத்தில் ஒப்புதல் முறையே நல்லது, அந்த 220 அங்கேயே கண்ணில் பட்டுவிடும். ஆனால் அம்மா பேருந்தில் இருந்து போனைப் பார்க்கத் தவறினால் பிள்ளை கல்லா முன்னால் தவித்துப்போகும். அதனால் பையில் பத்து ரூபாய் நோட்டுகளும் இருக்கட்டும்.