'ரிவர்ட்' நல்லதா, 'ரிப்ளை' நல்லதா? அலுவலக ஆங்கிலத்தில் சில தேர்வுகள்

"ப்ளீஸ் ரிவர்ட்" என்ற வரி கண்ணில் படாத நாளே சிங்கப்பூர் அலுவலகங்களில் இல்லை. பதில் அனுப்புங்கள் என்ற பொருளில் இங்கும் மலேசியாவிலும் இந்தியாவிலும் அது எல்லோருக்கும் புரியும். லண்டனிலோ சிட்னியிலோ இருப்பவருக்கு 'ரிவர்ட்' என்றால் முதலில் தோன்றுவது பழைய நிலைக்குத் திரும்புவது. ஒப்பந்த வரைவை இணைத்து "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த டிராஃப்ட்" என்று எழுதினால், திருத்தங்களை நீக்கிவிட்டு முந்தைய வரைவுக்கே போகச் சொல்கிறார்களோ என்று அவர் குழம்ப இடமுண்டு. "ப்ளீஸ் ரிப்ளை" என்பதில் அந்தச் சந்தேகமே எழாது. உள்ளூர்க் குழுவுக்குள் 'ரிவர்ட்' இருந்துவிட்டுப் போகட்டும். வெளியே போகும் கடிதத்தில் 'ரிப்ளை'தான் சரி.

"கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" இலக்கணப்படி பிழையில்லை, பழைய பிரிட்டிஷ் வழக்கு. குறை என்னவென்றால், 'நீட்ஃபுல்' எது என்பதைப் படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. "ப்ளீஸ் அப்ரூவ் த இன்வாய்ஸ்" என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேட்டால், அதைப் பற்றி விசாரித்து இன்னொரு மின்னஞ்சல் வராது.

'வில்', 'வுட்' இரண்டுக்கும் இடையில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "த மீட்டிங் வுட் பீ ஹெல்ட் ஆன் மண்டே" என்று எழுதுவதற்குக் காரணம், 'வுட்' கூடுதல் பணிவு என்ற எண்ணம். ஆனால் அதைப் படிக்கும் ஆங்கிலேயர், அடுத்து ஓர் 'இஃப்' வரும் என்று காத்திருப்பார்: எது நடந்தால் கூட்டம் நடக்கும்? முடிவாகிவிட்ட செய்திக்கு 'வில்' போதும். 'வுட்' தேவைப்படுவது வேண்டுகோளில். "ஐ வுட் பீ கிரேட்ஃபுல் இஃப் யூ குட் சென்ட் த குவோட்டேஷன்" என்பதில் அது பொருத்தமாக உட்காருகிறது. அங்கே 'வுட்'டுக்கு இணை 'குட்', 'கேன்' அல்ல.

விளிப்பில் "டியர் சார்" என்று தொடங்கினால் முடிவில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி", பெயர் சொல்லித் தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி". இது பிரிட்டிஷ் மரபு. மின்னஞ்சலில் "ரிகார்ட்ஸ்" போதும். ஆளின் பெயர் தெரிந்தால் பெயரையே எழுதுங்கள், "டியர் சார்" பொத்தாம்பொதுவாகத் தெரியும். ஆனால் எந்தப் பெயரை எழுதுவது? டான் வெய் மிங் என்றால் குடும்பப் பெயர் முன்னால் இருக்கிறது, எனவே மிஸ்டர் டான். மிஸ்டர் மிங் என்று எழுதினால் முதல் வரியிலேயே தவறு. அகமது பின் இஸ்மாயில் மிஸ்டர் அகமது, ஏனென்றால் இஸ்மாயில் அவருடைய தந்தை. முருகன் சன் ஆஃப் கோவிந்தனும் அதே கணக்குப்படி மிஸ்டர் முருகன்தான். வெளிநாட்டவர் நம்மை மிஸ்டர் கோவிந்தன் என்று அழைப்பதைத் தவிர்க்க வேண்டுமானால், கையெழுத்துக்குக் கீழே விளிக்க வேண்டிய பெயரைத் தடித்த எழுத்தில் போடலாம். பெண்களுக்கு 'மிஸ்', 'மிஸஸ்' இரண்டுக்கும் பதிலாக 'எம்எஸ்' (Ms) என்று எழுதுவதே பாதுகாப்பு, திருமணமானவரா என்று அது கேட்காது. பெயருக்கு முன்னால் 'மேடம்' போடுவது இங்கே சகஜம், பிரிட்டனில் வழக்கமில்லை.

சிறு பிழைகளில் சில: 'டிஸ்கஸ்'க்குப் பின் 'அபவுட்' வராது. 'ரிக்வெஸ்ட்' வினையாக வந்தால் 'ஃபார்' வேண்டாம், பெயர்ச்சொல்லாக வந்தால் வேண்டும். "லுக்கிங் ஃபார்வர்ட் டு" என்பதற்குப் பின் 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்'. 'எக்விப்மென்ட்', 'ஃபீட்பேக்' இரண்டுக்கும் பன்மை 'எஸ்' கிடையாது.

கெடு சொல்லும்போது 'பை', 'பிஃபோர்' வேறுபாடு பணத்தைத் தொடும். "பை 14 மார்ச்" என்றால் 14ஆம் தேதி அனுப்பினாலும் சரி. "பிஃபோர் 14 மார்ச்" என்றால் 13ஆம் தேதியோடு முடிந்தது. 'அன்டில்' என்பது அதுவரை தொடர்ந்து நடப்பதற்கு மட்டுமே. தேதியை 03/04 என்று எண்ணில் எழுதினால் இங்கே ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.