கரப்பானுக்கு எது சரி: ஸ்ப்ரேயா, ஜெல்லா, போரிக் பவுடரா?

மருந்து வாங்குமுன் கரப்பானைப் பாருங்கள். கட்டைவிரல் நீளத்தில், செம்பழுப்பாக, இரவில் கழிவுநீர்த் துவாரம் வழியே ஏறி வருவது அமெரிக்கக் கரப்பான். துவாரத்துக்குச் சன்னக் கம்பிவலை போட்டு, சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடைவெளியை அடைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ஒன்றரை சென்டிமீட்டர் அளவில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு திரிவது ஜெர்மன் கரப்பான். அட்டைப்பெட்டியிலோ பழைய மின்சாதனத்திலோ ஒளிந்து வந்து சமையலறையிலேயே பெருகுவது இதுதான். கீழே உள்ள அலசலும் இதற்குத்தான்.

ஸ்ப்ரே

பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. பட்ட பூச்சி கண்முன்னே மல்லாந்துவிடும். வாங்குபவருக்கு அதிலேயே திருப்தி. ஆனால் கண்ணில் படுவது கூட்டத்தில் சிறு பங்கு. மீதி அலமாரிக் கீல்களுக்குப் பின்னும், ஃப்ரிட்ஜ் மோட்டாரின் கதகதப்பிலும் இருக்கும். முட்டைக்கூட்டுக்குள் மருந்து இறங்காது. ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டைகள். போதாததற்கு, இந்த வகை மருந்தைத் தாங்கும் கரப்பான்கள் இப்போது பரவலாகிவிட்டன. அவசரத்துக்கு ஒன்றிரண்டை அடிக்கலாம். கூட்டத்தை ஒழிக்க இது உதவாது.

ஜெல்

என் முதல் தேர்வு இதுதான். ஃபிப்ரோனில் 0.05% அல்லது இமிடாக்ளோப்ரிட் 2.15% கலந்த ஜெல்கள் பரவலாகக் கிடைக்கின்றன. தின்ற கரப்பான் உடனே சாகாமல் இருப்பிடத்துக்குத் திரும்பிச் சாகிறது. அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் குஞ்சுகளுக்கும் விஷம் போய்ச் சேருகிறது. வெளியே வராத குஞ்சுகளை எட்ட வேறு வழி அரிது.

வைக்கும் விதம்தான் முக்கியம். மிளகைவிடச் சிறிய புள்ளிகளாக, கீலின் உட்புறம், இழுப்பறையின் பின்மூலை, சிங்க்கின் அடிவிளிம்பு, அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் இடையிலான சந்து ஆகிய இடங்களில் வையுங்கள். நான்கு பெரிய உருண்டைகளைவிட இருபது சிறு புள்ளிகள் மேல். கரப்பான் வெகுதூரம் மேயப் போகாது. அடுப்புச் சூடு படும் இடத்தில் வைத்தால் ஜெல் காய்ந்து ஓடாகிவிடும். பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதைத்தான் முதலில் தின்னும்.

பலர் கோட்டைவிடுவது ஒன்றில்: ஜெல் வைத்துவிட்டு அதே இடத்தில் ஸ்ப்ரே அடிப்பது. பைரித்ராய்டு வாடை பட்ட இரையைக் கரப்பான் தொடாது. இரண்டு செலவும் வீண்.

போரிக் பவுடர்

மலிவு, ஈரம் படாதவரை மாதக்கணக்கில் வேலை செய்யும். காலிலும் உணர்கொம்பிலும் ஒட்டிய தூளை நக்கும்போது வயிற்றுக்குள் போகிறது. சாக ஒரு வாரம் வரை ஆகலாம். குவியலாகக் கொட்டினால் கரப்பான் சுற்றிப் போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மென்படலம் போதும். மூக்குள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் பாதியளவு நிரப்பி, ஃப்ரிட்ஜுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னால் உள்ள பொந்துகளிலும் ஊதிவிடுங்கள். சிங்க்கின் அடியில் நனைந்து கட்டிதட்டும், அங்கே ஜெல்தான். சமையல் மேடையிலும், குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ தொடக்கூடிய இடத்திலும் இது கூடவே கூடாது.

ஒட்டும் அட்டை, மற்றவை

அட்டை கூட்டத்தை ஒழிக்காது, கூட்டம் எங்கே என்று காட்டும். சுவரோரமாக ஐந்தாறு வைத்து மூன்று இரவு கழித்து எண்ணுங்கள். அதிகம் சிக்கிய இடத்தில் அதிக ஜெல் புள்ளி. கரப்பானை விரட்டும் என்று விற்கும் மீயொலிக் (அல்ட்ராசோனிக்) கருவியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: வேலை செய்யாது. பூச்சிமருந்துச் சாக்பீஸைக் குழந்தைகள் எழுதுகோல் என்று எடுத்துவிடுவார்கள், வேண்டாம்.

ஜெல் வைத்த இரண்டு வாரம் கழித்து மறுபடி அட்டை வையுங்கள். எண்ணிக்கை பாதியாகக்கூடக் குறையவில்லை, ஜெல் புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன என்றால், உங்கள் வீட்டுக் கரப்பானுக்கு அந்த இரை பிடிக்கவில்லை. இரையில் இனிப்புக்குச் சேர்க்கும் குளுக்கோஸ் கசக்கும் ஜெர்மன் கரப்பான் வம்சங்களே உண்டு. அப்போது மருந்தின் பெயரை மட்டும் பார்க்காமல், இரைக் கலவையே வேறான இன்னொரு ஜெல்லை வாங்குங்கள். பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள்.