மோர்மன் நம்பிக்கையும் எங்கள் திருச்சபைகளும்: எந்த இடத்தில் பிரிகின்றன?

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் சொந்தங்களின் வீட்டுக் கதவை, வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டு இளைஞர்கள் தட்டுகிறார்கள். மரியாதையாகப் பேசி, இயேசுவைப் பற்றிச் சொல்லி, ஒரு புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிறகு யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி வரும்: "மோர்மன்களும் வேதக்காரர்தானே, அவங்கட சபைக்குப் போனால் என்ன?" இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லி அனுப்புவது சரியில்லை. பயமுறுத்தி அனுப்புவது அதைவிடப் பிழை. இரண்டு நம்பிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அவர்கள் தங்களைப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்கிறார்கள். மோர்மன் என்ற பெயரைத் தவிர்க்கும்படி 2018இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பெயர் அதுதான் என்பதால் இங்கே அதையே எழுதுகிறேன். மற்றப் பக்கத்தில் கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபை எல்லோரையும் ஒன்றாக வைக்கிறேன். பாப்பரசர், மாதா, நற்கருணை என்று இவர்களுக்குள் எத்தனையோ பிணக்கு உண்டு. ஆனாலும் 325இல் நைசியாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோபிளிலும் உருவான விசுவாசப் பிரமாணத்தில், அதாவது எதை நம்புகிறோம் என்ற அறிக்கையில், எல்லோருக்கும் ஒரே நிலைப்பாடுதான்.

1816இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்து, 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், அந்த நாட்டின் வடகிழக்கில் அப்போது மூண்டிருந்த சமய எழுச்சியின் பிள்ளைகள். அதே வடகிழக்கில், வெர்மொண்டில், 1805இல் பிறந்தவர்தான் ஜோசப் ஸ்மித். பிதாவும் குமாரனும் 1820இல் தமக்குத் தோன்றினார்கள், இருக்கிற சபை எதிலும் சேராதே, அவற்றின் பிரமாணங்கள் அருவருப்பானவை என்று தமக்குச் சொல்லப்பட்டது என அவர் பின்னர் எழுதினார். 1830இல் மோர்மன் புத்தகம் அச்சானது. சபையும் அதே ஆண்டில் பிறந்தது.

வட்டுக்கோட்டைக்கு வந்தவர்கள் பழைய பிரமாணத்தோடு வந்தார்கள். அந்தப் பிரமாணமே கெட்டுப்போனது என்றார் ஸ்மித். அப்போஸ்தலர்களின் காலத்துக்குப் பிறகு உண்மைச் சபை பூமியில் இல்லாமல் போய்விட்டது, தன் மூலமாகத்தான் அது மீண்டது என்பது அவருடைய போதனையின் அடித்தளம். அப்படியென்றால் 1544இல் யாழ்ப்பாண அரசனின் ஆணையால் மன்னாரில் கிறிஸ்தவ வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் எந்தச் சபையின் பிள்ளைகள்? எனக்கு இது சின்னக் கேள்வி இல்லை.

சரி, வரலாற்றை விடுவோம். பிரிவின் வேர் கடவுள் யார் என்பதில் இருக்கிறது. திருச்சபைகளின் போதனையில் கடவுள் ஒருவரே. தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே பொருள். தந்தைக்கு உடல் இல்லை. எல்லாவற்றையும் அவர் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார். படைத்தவருக்கும் படைப்புக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஒருநாளும் அழியாது. மோர்மன் போதனையில் மூவரும் தனித்தனியானவர்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்றானவர்கள். தந்தைக்கு மனிதருக்கு இருப்பதுபோலத் தொட்டறியக்கூடிய தசையும் எலும்புமான உடல் உண்டு என்று அவர்களின் 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 130ஆம் பகுதி சொல்கிறது. 1844இல் ஸ்மித் ஆற்றிய ஒரு பிரசங்கத்தில், கடவுளும் ஒருகாலத்தில் நம்மைப்போல இருந்தவர் என்றார். அந்தப் பிரசங்கம் அவர்களின் வேதநூல்களில் இல்லை, இன்றைய சபை அதை அழுத்திச் சொல்வதும் இல்லை. ஆனால் மேலான நிலையை அடையும் மனிதர் தெய்வங்களாவர் என்பது 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலின் 132ஆம் பகுதியில் எழுத்திலேயே இருக்கிறது.

எங்கள் ஊரில் இதை விளங்கிக்கொள்ளச் சைவ சித்தாந்தம் நன்றாக உதவும். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, தொடக்கமில்லாதவை என்று சைவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறது. மோர்மன் போதனையிலும் சடப்பொருள் அநாதி. மனிதனுக்குள் இருக்கும் அறிவும் படைக்கப்படாதது. கடவுள் இருந்ததை ஒழுங்குபடுத்தி உலகத்தை ஆக்கினார். ஆகவே படைப்பைப் பொறுத்தவரை அவர்கள் எங்கள் திருச்சபைகளைவிட நல்லூர் வீதியில் இருக்கும் சைவர்களுக்குக் கிட்ட நிற்கிறார்கள். ஆனால் சித்தாந்தத்தில் சிவன் ஒருபோதும் பசுவாக இருந்ததில்லை. முத்தி பெற்ற உயிரும் சிவனோடு கலந்து இன்புறுமே தவிர, இன்னொரு பதியாகி விடாது. அந்த இடத்தில் சைவரும் திருச்சபையும் ஒரு பக்கம், மோர்மன்கள் மறுபக்கம்.

மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. திருச்சபைக்கு இயேசு என்றென்றும் கடவுளாக இருப்பவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல. மோர்மன்களுக்கு அவர் தந்தையின் ஆவிப் பிள்ளைகளில் மூத்தவர். நாங்கள் எல்லோரும், ஏன் சாத்தானாகிய லூசிபரும்கூட, பிறப்புக்கு முந்திய வாழ்வில் அதே தந்தையின் பிள்ளைகள். இயேசு நமக்காக மரித்து உயிர்த்தார் என்பதை அவர்கள் முழு மனதோடு நம்புகிறார்கள். அவர்களுக்கு இயேசுமேல் அன்பில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் தபசு காலத்தில் சிலுவைப்பாதை செய்து வளர்ந்த ஒருவர் அவர்களின் சபைக் கூடத்துக்குள் போனால் சிலுவையே இராது. பாடுகளைப் பற்றிப் பேசும்போது இயேசு கைதாகுமுன் வேதனையோடு செபித்த கெத்சமனித் தோட்டத்துக்குப் பெரிய இடம் கொடுப்பார்கள்.

பிறப்போடே வரும் ஜென்மப் பாவம் என்பது அவர்களுக்கு இல்லை. அதனால் குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் இல்லை, எட்டு வயதில்தான் கொடுப்பார்கள். வேதாகமத்தைச் சரியாக மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்கு ஏற்று, அதோடு இன்னும் மூன்று நூல்களை வேதமாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் முதன்மையான மோர்மன் புத்தகம், கி.மு. 600 அளவில் எருசலேமிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு குடும்பத்தின் வரலாறு என்கிறது. சபைக்கு வெளியே உள்ள தொல்லியலாளர்கள் இதை வரலாறாக ஏற்பதில்லை.

அவர்களின் ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். மது இல்லை, புகை இல்லை, வருமானத்தில் பத்தில் ஒன்று சபைக்கு. உள்ளூர்ச் சபையை நடத்துபவர்களுக்குச் சம்பளமும் இல்லை. தேயிலையும் கோப்பியும் கூடாது என்பதுதான் எங்கள் வீடுகளில் முதலில் கண்ணில் படும். படியேறி வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவது எங்களுக்குப் பழக்கமில்லையே!

இறந்தவர் விஷயத்தில் இரண்டு பக்கமும் கிட்ட வந்து, உடனே விலகிப் போகின்றன. நவம்பர் 2ஆம் திகதி கத்தோலிக்கக் குடும்பங்கள் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையைத் துப்புரவாக்கி, மெழுகுதிரி கொளுத்தி, ஆத்துமாக்களுக்காகச் செபிக்கிறார்கள். மோர்மன்கள் அதைவிடத் தூரம் போய், இறந்த முன்னோருக்குப் பதிலாக உயிரோடிருப்பவர், வழக்கமான சபைக் கூடத்திலிருந்து வேறான ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அவர்கள் தலைமுறைப் பட்டியல்களை இவ்வளவு பாடுபட்டுச் சேர்ப்பது இதற்காகத்தான். செத்துப்போன ஆச்சி அதை மறு உலகில் ஏற்கலாம், மறுக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். அந்தப் பாசம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சைவராகவே வாழ்ந்து, சைவராகவே கண்மூடிய ஆச்சியின் பெயரில் அதைச் செய்ய என் மனம் ஒப்பாது.

கலியாணத்தில்தான் இந்த வேறுபாடு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. மறுமையில் கொள்வனையும் இல்லை, கொடுப்பனையும் இல்லை என்று மத்தேயு 22இல் இயேசு சொன்னதை வைத்து, மரணத்தோடு திருமணப் பந்தம் முடிகிறது என்கின்றன திருச்சபைகள். மோர்மன் ஆலயத்தில் 'முத்திரையிடல்' என்ற திருமணச் சடங்கால் இணைக்கப்பட்ட கணவனும் மனைவியும் நித்தியத்துக்கும் சேர்ந்திருப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சடங்கைப் பார்க்க, தசமபாகம் முதலானவற்றைக் கடைப்பிடித்து ஆலய அனுமதி பெற்ற உறுப்பினருக்குத்தான் இடம். பெற்ற தாய் தகப்பன் என்றாலும், வேறு சபையார் வெளியேதான் நிற்க வேண்டும். எல்லோரும் பார்க்கத் தனியாக ஒரு சிவில் திருமணத்தை முதலில் வைத்தால் ஆலயத்துக்காக ஓராண்டு பொறுக்க வேண்டும் என்று பல நாடுகளில் இருந்த விதியை 2019இல் நீக்கினார்கள். நல்ல மாற்றம். கத்தோலிக்கத் திருச்சபையோ 2001இல், மோர்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே மோர்மன் மாப்பிள்ளைக்கும் கத்தோலிக்கப் பெண்ணுக்கும் கோயிலில் தாலி கட்ட வேண்டுமென்றால், ஞானஸ்நானம் பெறாதவரோடு செய்யும் திருமணத்துக்குரிய விசேட அனுமதியை ஆயரிடமிருந்து பெற வேண்டும். மண்டபம் பிடிப்பதற்கு முன்பே பங்குச் சுவாமியிடம் போய்க் கதையுங்கள்.